தர்ஷினியா, பர்கர் கடையா, கையேந்தி பவனா? பெங்களூரில் மூன்று ஆஃபரோடு தவிப்பவர்களுக்கு

ஜெயநகர் நாலாவது பிளாக் பக்கம் ஒரு தர்ஷினி, அதாவது நின்றபடி சாப்பிடும் டிஃபன் கடை. காலை ஏழரை. கல்லுக்கு முன்னால் நிற்பவர் தண்ணீரைத் தெளித்து, துடைப்பத்தால் ஒரே இழுப்பில் துடைத்து, வரிசையாகப் பன்னிரண்டு தோசை ஊற்றுகிறார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கரண்டி வெண்ணெய், ஒரு தடவல் சிவப்புச் சட்னி. டோக்கனைப் பார்க்கிறார், தட்டைத் தள்ளுகிறார். முகத்தைப் பார்ப்பதே இல்லை.

நின்றபடி சாப்பிடும் மேசையில் என் அக்கா மகன் ஃபோனை என் பக்கம் நகர்த்தினான். திரையில் மூன்று ஆஃபர் லெட்டர். மூன்றும் சாஃப்ட்வேர் வேலை: ஒரு சர்வீஸ் கம்பெனி, வெளிநாட்டு வங்கி ஒன்றின் இந்திய ஆபீஸ், ஒரு ஸ்டார்ட்அப்.

"சித்தி, எதை எடுக்கட்டும்? வியாழக்கிழமைக்குள்ள சொல்லியாகணும்."

"மொதல்ல வடையைத் தின்னு. ஆறிடும்." பைட்டூ காபியில் அவன் பங்கை அவன் பக்கம் நகர்த்தினேன். "அந்தத் தோசைக்காரரப் பாத்தியா? நாளைக்கு அவரா நெனச்சா சட்னில ஒரு மொளகா கூடப் போட முடியுமா?"

"எப்படி முடியும்? ஓனர் கிழிச்சுடுவார்."

"அதைத்தான் மூணு கம்பெனியிலயும் நீ கேக்கணும்."

அவனுக்குப் புரியவில்லை. இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற பெரும்பாலானவர்களுக்கும் முதலில் புரிவதில்லை. பெங்களூருக்கு வந்து பத்தொன்பது வருஷம், நாலு விதமான கம்பெனி பார்த்தாகிவிட்டது. அதனால் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள், பழைய ஆபீஸ் தம்பி தங்கைகள், அல்சூரில் பக்கத்து வீட்டுக்காரரின் மருமகன் வரை எல்லோரும் ஆஃபரை எனக்கு அனுப்பிவிட்டு ஒற்றை வரிப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஒற்றை வரியில் சொல்ல முடியாது என்பதால் இந்தக் கட்டுரை.

கம்பெனிகளைச் சாப்பாட்டுக் கடைகளாக நினைத்துப் பார்ப்பது விளையாட்டுக்காக மட்டும் இல்லை. நம் தொழிலின் வேலைமுறை சமையலறையில் முன்பே நடந்து முடிந்த கதை. 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதம் சாத்திவிட்டு, மெனுவைச் சுருக்கி, சமையலறையை ஃபேக்டரி வரிசை மாதிரி மாற்றினார்கள். பிற்பாடு புதுச் சமையலறைக்குத் திட்டம் போடும்போது டென்னிஸ் கோர்ட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, வேலையாட்களை அதற்குள் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். யார் எங்கே நிற்பது, எந்தக் கை எதை எடுப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானம். 1961இல் ரே க்ராக் அவர்களிடமிருந்து மொத்தத்தையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார். செய்முறையை எழுதியவர்கள் வேறு, கல்லாவில் உட்கார்ந்தவர் வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பங்குப் பத்திரம் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது நான்கு. இவற்றில் முதலாவதற்கு மற்ற மூன்றின் எடையும் சேர்த்துக் கொடுப்பேன்.

செய்முறையை யார் மாற்றலாம்? உங்கள் மேசையில் இருப்பவர் ஒரு முடிவெடுத்து அது வாடிக்கையாளர் வரை போய்ச் சேருமா, இல்லை வேறு ஊரில் முடிவான சட்னியை நீங்கள் அரைத்துக் கொடுக்கிறீர்களா? அஞ்சு வருஷம் கழித்து உங்கள் சம்பளத்தை நிர்ணயிக்கப் போவது இதுதான்.

தட்டில் உண்மையில் எவ்வளவு விழும்? மெனு கார்டு விலை இல்லை.

கடையைச் சாத்தினால், அல்லது நீங்கள் கிளம்பினால், கையில் என்ன இருக்கும்? கைப்பழக்கமும் அடக்கம், காசும் அடக்கம்.

தூரமும் நேரமும். பெங்களூரில் இதை நாலாவதாக எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நாலாவதுதான்.

இரண்டாவதை இங்கேயே பிரித்துப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாக் கடைக்கும் இது பொது. அக்கா மகனின் ஆஃபர்களில் ஒன்று 18 லட்சம் சி.டி.சி., அதாவது அவனுக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை. அவன் அதைப் பன்னிரண்டால் வகுத்து மாசம் ஒன்றரை லட்சம் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. பேப்பர் நாப்கினில் எழுதிக் காட்டினேன்:

ஜாயினிங் போனஸ் 1,50,000. ஒரே தடவைதான், வருஷத்துக்குள் கிளம்பினால் திருப்பிக் கட்ட வேண்டும். வேரியபிள் 2,00,000. கம்பெனியும் மேனேஜரும் மனது வைத்தால் முழுசாக வரும். முதலாளி பங்கு பி.எஃப். 21,600. உங்கள் காசுதான், இப்போது தொட முடியாது. கிராஜுவிட்டி 43,290. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் 15,110. இதெல்லாம் கூட்டினால் 4,30,000. மீதி 13,70,000. மாசம் சுமார் 1,14,000. அதிலும் வரியும் சொந்த பி.எஃப்.பும் இன்னும் போகவில்லை.

"கிராஜுவிட்டின்னு போட்டிருக்கானே, அது எப்ப வரும்?"

பேசிக் 9 லட்சம், அதில் 4.81 சதவீதம் என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கிலிருந்து வருகிற சதவீதம் அது. நிரந்தர ஊழியருக்கு அஞ்சு வருஷம் முடிந்தால்தான் கைக்கு வரும். மூன்று வருஷத்துக்கு ஒருதரம் கடை மாறுகிறவருக்கு அது ஷோகேஸில் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கேக்.

## தர்ஷினி: பெரிய சர்வீஸ் கம்பெனி

பெங்களூரின் முதல் தர்ஷினி என்று சொல்லப்படும் கஃபே தர்ஷினி ஜெயநகரில் திறந்தது 1983இல். 1981இல் புனேயில் தொடங்கிய இன்ஃபோசிஸ், மைக்கோ என்ற வாடிக்கையாளருக்காக இந்த ஊருக்குக் குடிவந்ததும் 1983இல்தான். தற்செயல்தான், ஆனால் இரண்டுக்கும் ஜாதகம் ஒன்று: நாற்காலிக்கும் சர்வருக்கும் செலவு வேண்டாம், விலை குறைவு, கூட்டம் அதிகம், எந்தக் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி.

நான் முதலில் வேலை பார்த்தது இப்படி, மற்ற கம்பெனிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதித் தரும் ஒரு கடையில்தான். குறை சொல்ல மாட்டேன். விருதுநகரில் காலேஜ் முடித்துவிட்டு இங்கிலீஷில் ஃபோன் பேசவே நடுங்கிய எனக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அது. மெக்டொனால்ட்ஸ் தன் ஆட்களுக்கு 1961இலேயே ஹாம்பர்கர் யுனிவர்சிட்டி என்று ஒன்று தொடங்கியது. இங்கே மைசூரில் இன்ஃபோசிஸ் கட்டியிருக்கும் பயிற்சி வளாகம் அதே யோசனையின் பிரம்மாண்ட வடிவம். எந்தப் பிரிவில் படித்து வந்தாலும் சில மாதத்தில் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். இதை இலவசமாக வேறு யாரும் செய்து தருவதில்லை.

தர்ஷினி என்று சொன்னேன். கூர்ந்து பார்த்தால் சர்வீஸ் கம்பெனி கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் மாதிரியும்தான். சமையல் நம்முடையது, வீடு வேறு யாருடையதோ. எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று பில். முகூர்த்தம் இல்லாத ஆடி மாசத்துக்கு, அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் காலத்துக்கு, அங்கே பெஞ்ச் என்று பெயர். ஆடி ஒரு மாதத்தில் முடிந்தால் சந்தோஷம். நீண்டால், "நாக்பூர்ல ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, ஜாவா இல்ல, டெஸ்டிங், போறியா?" என்று ஃபோன் வரும்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. ஒன்று, 90 நாள் நோட்டீஸ் பீரியட். அடுத்த கடைக்காரர் "எப்ப வருவீங்க" என்று கேட்கும்போது மூணு மாசம் என்று சொன்னாலே பாதி ஆஃபர் போய்விடும். இரண்டு, பயிற்சி பாண்ட், அதாவது சொன்ன காலத்துக்கு முன் கிளம்பினால் காசு கட்டச் சொல்லும் ஒப்பந்தம். புதிதாகச் சேர்பவர்கள் சிறிய எழுத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடவும். மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. ஆறு வருஷம் தோசை ஊற்றியவருக்கு மாவு எப்படி அரைப்பது என்று தெரியாமலே போய்விடலாம். இப்போது தானாகவே கோட் எழுதும் மெஷின்களும் வந்துவிட்டன. டோக்கனைப் பார்த்துத் தட்டைத் தள்ளுகிற வேலை அவற்றுக்கு மிக எளிது.

காலேஜிலிருந்து நேராக வருபவருக்கும், வெளிநாட்டு ஆன்சைட் ஒன்றே குறி என்பவருக்கும் இது நல்ல கடை. மூன்று வருஷம் ஏற்கனவே இங்கே நின்றுவிட்டு, இருபது சதவீத உயர்வுக்காக இன்னொரு தர்ஷினிக்குப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. கல் மாறும், மாவு அதேதான்.

## பர்கர் கடையின் இந்தியக் கிளை: ஜி.சி.சி.

ஜி.சி.சி. என்றால் குளோபல் கேபபிலிட்டி சென்டர்: வெளிநாட்டு வங்கி, இன்ஷூரன்ஸ், மருந்து, சூப்பர்மார்க்கெட் கம்பெனிகள் இங்கே தங்களுக்கென்று நடத்தும் சொந்தச் சமையலறைகள். இந்த வழியைத் திறந்துவிட்டது 1985இல் பெங்களூருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். அவர்களுடைய சாட்டிலைட் டிஷ் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய கதையை இந்த ஊர்ப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். 2024இல் ஐ.டி. கம்பெனிகளின் சங்கமான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான ஜின்னோவும் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் இப்படி 1,700க்கு மேல். அதில் மிகப் பெரிய பங்கு பெங்களூருக்கு.

வேலை நிதானம், சம்பளம் நல்லது, இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவையும் பல இடங்களில் சேர்ப்பார்கள். கேள்வி சட்னியைப் பற்றித்தான். மெக்டொனால்ட்ஸ் 1996இல் டெல்லி வசந்த் விஹாரில் முதல் கடை திறந்தபோது, மாட்டிறைச்சி இல்லாத மெனுவுக்குத் தலைமையகம் ஒத்துக்கொண்டது. ஆலு டிக்கி பர்கர் வந்தது, முட்டை சேர்க்காத மயோனிஸ் வந்தது, சைவத்துக்குத் தனி அடுப்படி வந்தது. கிளைக்காரர்களே யோசித்துச் செய்த மாற்றங்கள் இவை. பன்னை அமெரிக்காக்காரர் முடிவு செய்தார், உள்ளே என்ன வைப்பது என்று இங்குள்ளவர்.

ஜி.சி.சி.யிலும் இரண்டு வகை. ஒன்று, ஆலு டிக்கி செய்யவிடும் கிளை: ஒரு முழுப் பொருளின் பொறுப்பு இங்கேயே, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் மேனேஜரும் இதே மாடியில் உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, உறைந்த பாக்கெட்டைப் பிரித்து எண்ணெயில் போட்டு, பீப் சத்தம் வந்ததும் எடுக்கிற கிளை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே கண்ணாடிக் கட்டடம், ஒரே காபி மெஷின். இன்டர்வியூவில் கேளுங்கள்: "போன வருஷம் இந்த ஊரிலிருந்தே முடிவெடுத்த ஒரு மாற்றத்தைச் சொல்ல முடியுமா?" ஒரே ஒரு உதாரணம் போதும். உதாரணம் இல்லாமல் அஞ்சு நிமிஷம் பேசினால் அது பீப் கிளை.

மறை செலவு, ராத்திரி ஃபோன் கால். நியூயார்க்கோடு வேலை என்றால் சாப்பாட்டு நேரம் முழுக்க ஹெட்ஃபோன்தான். லண்டன் என்றால் பரவாயில்லை, ஏழரைக்காவது முடிந்துவிடும். இன்னொன்று, தலைமையகத்தில் ஒருவர் மாறினால் இங்கே ஒரு டிபார்ட்மென்டே கலையலாம், காரணம் சொல்லக்கூட ஆள் இருக்க மாட்டார். அவுட்டர் ரிங் ரோட்டில் ஆபீஸ் என்றால் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அல்சூரிலிருந்து பெல்லந்தூர் போய் வந்த வருஷங்களில் கேபிலேயே ஒரு டிப்ளமோ முடித்தேன், பெருமைக்காகச் சொல்லவில்லை.

## இரண்டு பீட்சாவும் பஃபேயும்: பெரிய ப்ராடக்ட் கம்பெனி

சொந்தப் பொருளைச் செய்து விற்கும் கம்பெனிகள். இங்கே ஒவ்வொரு கடைக்கும் ஒரு குணம். ஆப்பிள், சர்க்கரை கம்மியாகக் கேட்க முடியாத காபிக் கடை. அவர்கள் போட்டதுதான் அளவு, டம்ளரும் அவர்களுடையது. மைக்ரோசாஃப்ட் ஃபுல் மீல்ஸ். அப்பளம் வேண்டாம் என்றாலும் இலையில் அப்பளம் விழும். ஆபீஸ் மீட்டிங்குக்கான டீம்ஸ் என்ற அப்பளத்துக்காக ஐரோப்பாவில் பஞ்சாயத்தே நடந்து, 2023இல் அங்கே அதை மீல்ஸிலிருந்து பிரித்து விற்க வேண்டியதாகிவிட்டது. கூகுள், டிஃபன் இலவசம், சுவர் முழுக்க விளம்பரம். நிஜமாகவே 1999இல், கம்பெனி சின்னதாக இருந்தபோதே, தனிச் சமையல்காரரை வேலைக்கு வைத்தவர்கள். அமேசானில் ஒரு டீமுக்கு எத்தனை பேர் என்பதற்கே பீட்சாதான் அளவு: இரண்டு பீட்சாவில் வயிறு நிறையாத டீம் பெரிய டீம் என்று ஜெஃப் பெசோஸ் வைத்த வழக்கம்.

செய்முறையை மாற்ற இங்கே நிஜமாகவே இடம் உண்டு. நீங்கள் மாற்றிய உப்பைக் கோடிப் பேர் ருசிப்பார்கள். ஆனால் ஒரு பட்டனின் நிறத்தை மாற்ற மூன்று மாதம் டாக்குமென்ட் எழுதியவர்களையும் எனக்குத் தெரியும்.

காசில் கவனிக்க வேண்டியது ஆர்.எஸ்.யூ. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்காகத் தருவார்கள், நாலு வருஷத்தில் பிரித்துத் தருவார்கள், எல்லா வருஷமும் சமமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அமேசானில் பல வருஷமாக இருந்துவந்த முறை முதல் வருஷம் 5 சதவீதம், இரண்டாவது 15, கடைசி இரண்டு வருஷம் 40, 40. அதாவது முக்கால்வாசிச் சாப்பாடு பந்தியின் கடைசியில். பங்கு உங்கள் கணக்கில் விழுந்த அன்றே அதன் மதிப்பு சம்பளமாகக் கணக்காகி வரி பிடிக்கப்படும். அப்புறம் விலை விழுந்தாலும் கட்டிய வரி கட்டியதுதான்.

"பெரிய கடை, சாத்தவே சாத்தாது" என்று பெற்றோர் நினைப்பார்கள். கடை சாத்தாது, அடுப்பைக் குறைக்கும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை அனுப்பியது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000. கிடைத்தால் போங்கள், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வாழ்க்கைச் செலவை மட்டும் அந்தச் சம்பளத்துக்கு ஏற்றிவிடாதீர்கள்.

## கையேந்தி பவன்: ஸ்டார்ட்அப்

தள்ளுவண்டி, ஒரு கேஸ் ஸ்டவ், ஒரு பெட்ரோமாக்ஸ். கல்லில் முட்டையை உடைப்பவரும் நீங்கள், தட்டு கழுவுபவரும் நீங்கள், போலீஸ் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுபவரும் நீங்கள். சட்னியில் மிளகாய் கூட வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால் அடுத்த தட்டிலேயே கூடும். முதல் அளவுகோலில் இதை அடிக்க வேறு கடை கிடையாது. தர்ஷினியில் மூன்று வருஷத்தில் கற்காததை நான் இங்கே எட்டு மாதத்தில் கற்றேன்.

ஃப்ளிப்கார்ட்டும் இந்த ஊரில் 2007இல் புத்தகம் விற்ற தள்ளுவண்டிதான். 2018இல் வால்மார்ட் சுமார் 77 சதவீதத்தை 1,600 கோடி டாலருக்கு வாங்கியபோது பழைய ஊழியர்கள் பலர் வீடு வாங்கினார்கள். சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021இல் நாஸ்டாக்கில் பட்டியலானபோதும் அப்படித்தான். எல்லா ஸ்டார்ட்அப்பின் எச்.ஆரும் இந்த இரண்டு கதையைத்தான் சொல்வார்கள்.

என் கதையையும் கேளுங்கள். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஈசாப் வாங்கினேன், அதாவது கம்பெனிப் பங்கைப் பின்னால் முன்பே பேசிய விலைக்கு வாங்கும் உரிமை. அந்தக் கடிதத்தை எல்.ஐ.சி. பாலிசியோடு ஒரே ஃபைலில் வைத்திருந்தேன், இரண்டும் ஒரே ஜாதி என்று நினைத்து. நாலாவது வருஷம் இன்னொரு கம்பெனி எங்களை வாங்கியது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கேக் தின்று முடித்தபின் சட்டக் கடிதம் வந்தது. முதலீட்டாளர்கள் போட்டிருந்தது 40 கோடி, விற்ற விலை 35 கோடி. அவர்கள் போட்ட காசை எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்று ஒப்பந்தம். மற்றவர்கள் என்றால் நாங்கள். பூஜ்யம். மோசடி ஒன்றும் இல்லை, எல்லாம் கையெழுத்துப் போட்டதுதான். மெக்டொனால்ட் சகோதரர்களுக்காவது 27 லட்சம் டாலர் கிடைத்தது.

அதனால் ஈசாப் என்று சொன்னதும் இவற்றைக் கேளுங்கள். மொத்தப் பங்கு எத்தனை, அதில் என்னுடையது எத்தனை சதவீதம்? எண்ணிக்கையை மட்டும் சொல்லிச் சதவீதத்தை மறைப்பவரிடம் ஜாக்கிரதை. முதல் வருஷம் முடியும் முன் கிளம்பினால் ஒன்றும் கிடையாது என்பது பெரும்பாலும் எல்லா இடத்திலும் உண்டு. கிளம்பிய பிறகு எத்தனை நாளுக்குள் காசு கட்டிப் பங்கை வாங்க வேண்டும்? பல இடங்களில் 90 நாள்தான். அப்புறம் வரி: பங்கு ஒன்று 10 ரூபாய் என்று உங்களுக்குத் தந்திருக்கிறார்கள், நீங்கள் வாங்கும் நாளில் மதிப்பு 510 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பங்குக்கு 5 லட்சம் உங்கள் சம்பள வருமானம். 30 சதவீத அடுக்கில் இருப்பவர் செஸ் தனியாக ஒன்றரை லட்சம் வரி கட்ட வேண்டும், ரொக்கமாக. அந்தப் பங்கை விற்கச் சந்தையோ கிடையாது. தகுதிபெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. உங்களுடையது அதில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

முக்கியமான கேள்வி கடைசியில்: "இப்ப கையில இருக்கிற காசு எத்தனை மாசத்துக்கு வரும்?" கேட்கக் கூச்சப்படாதீர்கள். கோபப்படுகிற ஃபவுண்டரிடம் வேலை பார்க்கவும் வேண்டாம்.

வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி ஈ.எம்.ஐ. ஓடுகிறதா, தள்ளுவண்டி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். ஆறு மாதச் செலவு கையில், கடன் இல்லை, வயது முப்பதுக்குள் என்றால் ஒரு தடவையாவது போங்கள். அன்லிமிடெட் லீவு என்று போட்டிருப்பார்கள். எடுத்தவர் யாரையாவது காட்டச் சொல்லுங்கள்.

## எம்.டி.ஆர். வகை: வெளிக்காசு வாங்காத கம்பெனி

1924இல் தொடங்கிய மாவள்ளி டிஃபன் ரூமில் இன்றும் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், அவர்களும் அவசரப்பட மாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்டபோது ரவையில் இட்லி ஊற்றிய அடுப்படி அது. பாக்கெட் மாவு வியாபாரத்தை 2007இல் நார்வேயின் ஓர்க்லா வாங்கியது. சாப்பாட்டுக் கடை குடும்பத்திடமே இருக்கிறது.

கம்பெனிகளில் இதற்கு உதாரணம் ஜோஹோ. 1996இல் தொடங்கியது, வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்தது, தென்காசிப் பக்கமும் ஆபீஸ் போட்டது. சட்னியை உள்ளேயே அரைக்கிறார்கள், கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். பட்டியலிடாத கம்பெனி என்பதால், பங்கு விற்று வீடு வாங்கும் கனவுக்கு இந்த வகைக் கடை ஏற்றதில்லை. ஊர்ப் பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## ஒரே பார்வையில்

| கடை | செய்முறையை மாற்ற | காசு | மறைந்திருப்பது | யாருக்கு |
|---|---|---|---|---|
| தர்ஷினி (சர்வீஸ்) | அரிது | குறைவு, நிச்சயம் | 90 நாள் நோட்டீஸ், பெஞ்ச் | முதல் வேலை தேடுபவர் |
| பர்கர் கிளை (ஜி.சி.சி.) | கிளையைப் பொறுத்தது | நல்லது, சீரானது | ராத்திரி கால், தலைமையக முடிவு | கடன், குடும்பப் பொறுப்பு உள்ளவர் |
| பீட்சா, பஃபே (ப்ராடக்ட்) | உண்டு, மெதுவாக | மிக அதிகம், பாதி பங்காக | ஆட்குறைப்பு, பங்கு விலை | இன்டர்வியூ தாண்ட முடிந்த எவரும் |
| கையேந்தி பவன் | தினமும் | குறைவு, பாக்கி காகிதம் | ஈசாப் வரி, முதலீட்டாளர் முன்னுரிமை | கடன் இல்லாத இளையவர் |
| எம்.டி.ஆர். வகை | உண்டு | நடுத்தரம் | பங்கு லாபம் இல்லை | நிதானக்காரர், ஊர் திரும்புபவர் |

இதில் சேராத ஒன்று அன்னதானம். 1991இல் தொடங்கிய லினக்ஸ் மாதிரித் திறந்த மூலத் திட்டங்களில் செய்முறை சுவரில் ஒட்டியிருக்கும், யாரும் கரண்டி பிடிக்கலாம். தானாகப் போய்ப் பிடிப்பவருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் பகலில் பீப் கிளையில் நிற்பவர் சனி ஞாயிறு அங்கே கரண்டி பிடித்தால், அடுத்த இன்டர்வியூவில் காட்ட ஒரு சட்னியாவது சொந்தமாக இருக்கும்.

தூரத்தை மறந்துவிட்டேன். அவன் பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி.யில் இருக்கிறான். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ ஓடத் தொடங்கியபின் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் அந்தச் சர்வீஸ் கம்பெனிக்கு சில்க் போர்டு நெரிசல் இல்லாமல் போய்விடலாம். ஸ்டார்ட்அப் இருக்கும் எச்.எஸ்.ஆர். பக்கத்திலேயே. வங்கியின் ஜி.சி.சி. இருக்கும் அவுட்டர் ரிங் ரோட்டில், நான் இதை எழுதும்வரை, மெட்ரோவின் தூண்களும் தடுப்புகளும்தான்.

புதன்கிழமை ராத்திரி ஃபோன் பண்ணினான். மூன்று இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். சர்வீஸ் கம்பெனி மேனேஜர் வாடிக்கையாளர் திருப்தி பற்றி வெகுநேரம் பேசினாராம். வங்கியின் ஜி.சி.சி.யில் இருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு அலர்ட் ரூலை இங்கிருந்து மாத்தினோம். லண்டன்ல சம்மதம் வாங்க ஏழு வாரம் ஆச்சு" என்றாராம். ஸ்டார்ட்அப் ஃபவுண்டர் சிரித்திருக்கிறார். "நேத்து ராத்திரி நானே மாத்தினேன். நீ வந்தா நீ மாத்து. காசு பதினாலு மாசத்துக்கு இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்."

நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதினாலு மாசத்தை எடுத்திருப்பேன். ஆனால் அவன் வயதில் எனக்குக் கல்விக் கடன் இல்லை. அவனுக்கு மாசம் 11,400 ஈ.எம்.ஐ. போகிறது, அத்தான் ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம். ஏழு வாரக் கிளைக்குச் சரி சொல்லிவிட்டான்.

"ஏழு வாரம்னாலும் மாத்தவிட்டாங்கல்ல சித்தி."

"ஆமாண்டா. அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். பொங்கலுக்கு எத்தனை நாள் லீவுன்னு கேட்டாங்க." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதை மட்டும் கேக்க மறந்துட்டேன்."